தத்தெடுப்பதா, கொஞ்ச நாள் வைத்துக்கொள்வதா, தெருவிலேயே பார்த்துக்கொள்வதா?

"கைவிடப்பட்ட நாய்களுக்கு ஏதாவது செய்யணும். ஒன்றைத் தத்தெடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பவர்களில் பலர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களிடம் சட்டென்று "எடுத்துக்கோங்க" என்று சொல்ல எனக்குத் தயக்கம். "வேண்டாம்" என்று சொல்லவும் மனசு வராது. ஏனென்றால் தத்தெடுப்பது பல வழிகளில் ஒன்றுதான். ஃபாஸ்டர், அதாவது நிரந்தர வீடு கிடைக்கும் வரை கொஞ்ச நாள் வைத்திருந்து கொடுப்பது இருக்கிறது, தெருவிலேயே வைத்துக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பார்த்துக்கொள்வது இருக்கிறது, மாநகராட்சியோடும் குடியிருப்போர் அசோசியேஷனோடும் மல்லுக்கட்டுவது இருக்கிறது. இதில் எது பெரிய சேவை என்று பட்டிமன்றம் நடத்திப் பயனில்லை. வீட்டுக்குப் பொருந்தாமல் எடுத்த நாய் சில மாதங்களில் காப்பகத்துக்கே திரும்பி வரும், அல்லது ஏதாவது நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடப்படும்.

நாய்களை மனத்தில் வைத்து, தமிழ்நாட்டு நகரங்களில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பூனைக்கு நடுவில் ஒரு பத்தி உண்டு.

## எதை வைத்து முடிவெடுப்பது

காலை 11 மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? சாயங்காலம் எல்லோரும் வந்துவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குக் கூட்டிப்போகலாம் என்பதெல்லாம் சரி. பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடந்தால் குட்டி வளர்க்க முடியாது. வளர்ந்த நாய் ஓரளவு சமாளிக்கும்.

கூரை யாருடையது? செல்லப்பிராணி வளர்ப்பதற்குக் குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்ல முடியாது என விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும் "காலி பண்ணிக்கோங்க" என்று சொல்லும் ஹவுஸ் ஓனரிடம் அதைக் காட்டி எதுவும் நடக்காது. அடுத்த வீடு தேடும்போது நாயோடுதான் தேட வேண்டும்.

எத்தனை வருடம்? நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாட்டு நாய் 12 முதல் 15 வருடம் இருக்கும். இன்று பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை "நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்வதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். மூன்று வருடத்தில் அது ஹாஸ்டலுக்குப் போய்விடும்.

திடீரென்று எடுக்க முடிகிற பணம் எவ்வளவு? மாதச் செலவு பெரும்பாலும் கட்டுக்குள்தான் இருக்கும். ஆளைக் கவிழ்ப்பது உண்ணிக் காய்ச்சல், எலும்பு முறிவு, கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது மாதிரி ஒரே வாரத்தில் வந்து நிற்கும் செலவு. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பெரிய ஆறுதல். கூட்டம் இருக்கும், அரை நாள் போகும், ஆனால் தனியார் கிளினிக்கை விடச் செலவு மிகவும் குறைவு.

வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? ஒருவருக்குப் பிடிக்காவிட்டாலும் சமாளிக்கலாம். அந்த ஒருவர்தான் பகலில் நாயோடு இருக்கப்போகிறவர் என்றால் சமாளிக்க முடியாது.

இது வரை சொன்னதெல்லாம் உங்கள் பக்கம். நாயின் பக்கத்திலிருந்தும் ஒன்று கேட்க வேண்டும்: நீங்கள் செய்வதால் அடுத்த வருடம் தெருவுக்கு வரும் குட்டிகள் குறையுமா? தத்தெடுப்பு ஒரு நாயின் வாழ்க்கையை முழுதாக மாற்றும், எண்ணிக்கையை மாற்றாது. கருத்தடை எண்ணிக்கையை மாற்றும், ஆனால் எந்த நாயும் உங்கள் மடியில் வந்து படுக்காது. இரண்டும் தேவைதான். உங்களுக்கு எது முடியும் என்று தெரிந்தால் போதும்.

| வழி | எவ்வளவு காலக் கடமை | கண்ணில் படாத செலவு | யாருக்குச் சரி |
|---|---|---|---|
| வளர்ந்த நாட்டு நாய் | மீதமுள்ள ஆயுள் முழுக்க | முதல் மூன்று மாதப் பொறுமை | சொந்த வீடு, அல்லது உறுதியான வாடகை வீடு |
| குட்டி | 12–15 வருடம் | பகல் நேரம், பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்) பயம் | வீட்டில் எப்போதும் ஆள் இருப்பவர்கள் |
| கைவிடப்பட்ட ஜாதி நாய் | மீதமுள்ள ஆயுள் முழுக்க | பழைய நோய்கள், வெயில் | மருத்துவச் செலவு தாங்கக்கூடியவர்கள் |
| ஃபாஸ்டர் | சில வாரம், சில மாதம் | தேதி தள்ளிக்கொண்டே போவது | வாடகைக்காரர், ஓய்வு பெற்றவர், இடம் மாறப்போகிறவர் |
| தெருவிலேயே பராமரிப்பு | அந்தத் தெருவில் இருக்கும் வரை | அக்கம்பக்கத்துச் சண்டை | வீட்டில் வைக்கவே முடியாதவர்கள் |
| குரல் கொடுத்தல் | முடிவில்லை | மெதுவாக நடக்கும், சலிப்பு | பேசவும் எழுதவும் சளைக்காதவர்கள் |

## வளர்ந்த நாட்டு நாயைத் தத்தெடுப்பது

காப்பகத்துக்குப் போகும் குடும்பம் நேராகக் குட்டிகள் இருக்கும் கூண்டுக்குத்தான் போகும். பக்கத்துக் கூண்டில் மூன்று வயது கறுப்பு நாய் வாலாட்டிக்கொண்டு நிற்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் முதல்முறை நாய் வளர்ப்பவர்களுக்கு அந்தக் கறுப்பு நாய்தான் சரி.

அது எவ்வளவு பெரிதாகும் என்று கேட்கத் தேவையில்லை, வளர்ந்து முடிந்துவிட்டது. குணம் தெரியும்: குழந்தைகளைக் கண்டால் ஒதுங்குமா, மற்ற நாயோடு சேருமா, சாப்பாட்டுத் தட்டைத் தொட்டால் உறுமுமா என்று அதைத் தினமும் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். அலுவலகத்தில் இருப்பவரை விட, கூண்டு கழுவிச் சோறு வைப்பவரிடம் கேட்பது நல்லது. பெரும்பாலும் கருத்தடையும் ஆகியிருக்கும். நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய உடம்பு.

மறைந்திருக்கும் செலவு, முதல் மூன்று மாதம். முதல் மூன்று நாள் நாய் பயத்தில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும், சாப்பிடாது. மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும். மூன்று மாதத்தில்தான் இது நம் வீடு என்று நம்பும். நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் கைக்கணக்கு இது, எல்லா நாய்க்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் திரும்பி வருகிற நாய்களில் பல அந்த முதல் மூன்று வாரத்துக்குள்ளேயே வருகின்றன. "எங்ககிட்ட ஒட்டவே இல்லை" என்பார்கள். ஒட்டுவதற்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

முதல் சில வாரம் கதவு விஷயத்தில் கவனம் வேண்டும். கூண்டிலிருந்து வந்த நாய் கேஸ் சிலிண்டர் போடுபவருக்குக் கதவைத் திறந்த அந்த நொடியில் ஓடிவிடும். போன் நம்பர் எழுதிய கழுத்துப் பட்டையை முதல் நாளே போடுங்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் தத்தெடுக்காதீர்கள், தீபாவளி முடிந்து எடுங்கள். வெடிச் சத்தத்துக்கு ஓடித் தொலையும் நாய்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சிப்) 2025 முதல் கட்டாயம், உரிமம் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம். தத்தெடுத்த நாயும் இதில் சேர்த்திதான்.

காப்பகம் ஆதார் நகல் கேட்பதையும், வீட்டை வந்து பார்ப்பேன் என்று சொல்வதையும் அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதுவும் கேட்காமல் நாயைக் கையில் கொடுத்து அனுப்பும் இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

## குட்டியைத் தத்தெடுப்பது

மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே கூட்டிப்போக ஆள் இருந்தால் குட்டி எடுக்கலாம். தாத்தா பாட்டி இருக்கும் வீடு, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், மெத்தை வீட்டுக்குக் கீழே கொஞ்சம் மண்தரை இருப்பவர்கள் எல்லாம் தாராளமாக எடுக்கலாம்.

பயப்பட வேண்டியது பார்வோ. வாந்தி, ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு என்று ஆரம்பித்துச் சில நாளில் ஆளைத் தூக்கிவிடும். ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசியை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர வேண்டும். ஒரு ஊசி போட்டாச்சு என்று தெருவில் இறக்கிவிடக் கூடாது. ஏற்கெனவே உங்கள் வீட்டில் ஒரு குட்டி பார்வோவில் போயிருந்தால், அந்தக் கிருமி அங்கேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினைல் ஊற்றிக் கழுவினால் அது சாகாது, பிளீச்சிங் கலந்த தண்ணீர்தான் வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக்கு முழுத் தடுப்பூசியும் போட்ட வளர்ந்த நாயே பாதுகாப்பு.

கருத்தடைக்குத் தேதி குறித்துக்கொள்ளாமல் பெண் குட்டியை எடுப்பவர்கள் ஒரு வருடத்தில் ஆறு குட்டிகளோடு அதே காப்பகத்துக்கு வந்து நிற்பார்கள்.

## கைவிடப்பட்ட ஜாதி நாயைத் தத்தெடுப்பது

காப்பகத்தில் லாப்ரடார், பக், ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட் இருப்பது பலருக்கு ஆச்சரியம். பொமரேனியன் என்று நாம் சொல்லும் வெள்ளை நாய்களும் நிறைய. அவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். 2003-இல் ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஒரு பக் ஓடியது, ஊரெல்லாம் பக் வேண்டும் என்றார்கள். தட்டை மூக்கு நாய் நம் மே மாத வெயிலில் மூச்சுவிடப் படும் பாடு விளம்பரத்தில் வரவில்லை.

இந்த நாய்கள் ஏன் கைவிடப்பட்டன என்று கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம். வீடு மாறினார்கள், குழந்தை பிறந்தது, வெளிநாடு போனார்கள் என்றால் நாயில் குறையில்லை. குட்டி போட்டுப் போட்டு ஓய்ந்து, இனி வருமானம் இல்லை என்று வளர்ப்பு வியாபாரி விட்டுப்போன பெண் நாய் என்றால் மார்புக் கட்டியும் கர்ப்பப்பைத் தொற்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷெப்பர்டுக்கும் லாப்ரடாருக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு, காது, தோல். எடுப்பதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அந்தப் பணம் வீண் போகாது.

ஹஸ்கி மாதிரி குளிர் தேசத்து நாயை, பகலில் ஏசி போட முடியாத வீட்டுக்கு இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். ஏழு எட்டு வயதான லாப்ரடார், வயதான தம்பதிக்கு நல்ல துணை: மெதுவாக நடக்கும், நிறையத் தூங்கும், பழகிய குணம். நாட்டு நாய் எடுக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் சொந்தக்காரர்கள் இருக்கும் வீட்டிலும் இது ஒரு வழி. கடையில் வாங்குவதற்குக் கிளம்பியவரை இந்தப் பக்கம் திருப்ப முடிந்தால் அதுவே லாபம்.

## ஃபாஸ்டர்: கொஞ்ச காலம் வைத்திருந்து கொடுப்பது

இருப்பதிலேயே அதிகம் தேவைப்படுவதும், ஆள் கிடைக்காததும் இதுதான்.

காப்பகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கூட்டம் கூட்டம்தான். தாயை இழந்த ஐந்து வாரக் குட்டிக்கு அங்கே தொற்று வந்தால் பிழைப்பது கடினம். அறுவை சிகிச்சை முடிந்த நாய்க்கு அமைதியான மூலை வேண்டும். தத்தெடுக்க ஆள் தயாராக இருந்தும் அவர் அடுத்த மாதம்தான் ஊரிலிருந்து வருவார் என்ற நிலையும் வரும். இதற்கெல்லாம் யாராவது ஒரு வீட்டின் குளியலறையோ பால்கனியோ கிடைத்தால் ஒரு உயிர் தப்பும், காப்பகத்தில் ஒரு கூண்டும் காலியாகும். அந்தக் கூண்டில் இன்னொரு நாய் வரும்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். "இரண்டு மாதம் மட்டும்" என்று கேட்டால் ஒப்புக்கொள்ளும் ஹவுஸ் ஓனர்கள் உண்டு. மறைத்து வைக்காதீர்கள், ராத்திரி குரைத்தால் மறுநாளே தெரிந்துவிடும். நாய் வளர்க்கலாமா என்று இன்னும் தடுமாறுகிறவர்களுக்கும் இது நல்லது: நான்கு மணிக்கு எழுந்து மூத்திரம் துடைப்பது உங்களுக்கு ஒத்துவருமா என்று இங்கேயே தெரிந்துவிடும். "எங்களுக்கு 70 வயசு, எங்களுக்கப்புறம் யார் பார்ப்பா" என்று கவலைப்படும் பெரியவர்களுக்கும் இதுதான் பொருத்தம்.

செலவுகளை முதலிலேயே பேசிவிடுங்கள். சாப்பாடு யார், மருந்து யார், ராத்திரி 12 மணிக்கு உடம்பு சரியில்லை என்றால் எந்த கிளினிக், யார் பணம் கட்டுவது? எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கட்டும். நாயைத் திரும்ப ஒப்படைக்கும் தேதியையும் எழுதி வாங்குங்கள். "இரண்டு வாரம்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு அப்புறம் போனை எடுக்காத, நாய்களை மீட்கும் ஆட்களும் இருக்கிறார்கள். முதன்முறை பெயர் தெரிந்த, மருத்துவர் உள்ள அமைப்பு வழியாகச் செய்வது பாதுகாப்பு.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் அதன் தடுப்பூசிகள் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்த நாயைத் தனியறையில் இரண்டு வாரமாவது வையுங்கள். உண்ணியும் கூடவே வரும். நாயின் மேல் இருப்பதைப் பொறுக்கினால் போதாது, அது சுவர் விரிசலில் ஏறி முட்டையிடும்.

பிரிவு கஷ்டம்தான். நாய் புது வீட்டுக்குப் போகும் அன்று அழாதவர்களை நான் பார்த்ததில்லை. அடுத்த குட்டி வந்த பிறகு கொஞ்சம் சரியாகும்.

## தெருவிலேயே பார்த்துக்கொள்வது

கைவிடப்பட்ட நாய் வேறு, தெருவிலேயே பிறந்து தெருவுக்குப் பழகிய நாய் வேறு. முதல் வகைக்குத் தெரு ஒரு தண்டனை: வண்டிக்கு ஒதுங்கத் தெரியாது, மற்ற நாய்கள் விரட்டும். அதற்கு வீடுதான் தேட வேண்டும். இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் வீடு தேவையில்லை. கருத்தடை, தடுப்பூசி, கொஞ்சம் சோறு, தண்ணீர் போதும்.

உங்கள் தெருவில் ஒரு பெண் நாய் இருந்தால் அதற்குக் கருத்தடை செய்வது, ஆறு குட்டிகளுக்கு வீடு தேடுவதை விட எளிது, மலிவு. கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள், வருடத்துக்கு இரண்டு ஈற்று கூட ஆகலாம். மெட்ராஸ் மாநகராட்சி 1996 வரை நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. கேப்டன் சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, கொல்வதற்குப் பதில் கருத்தடை என்று முப்பது வருடம் வற்புறுத்திய பிறகே அது மாறியது. இப்போது 2023-இல் வந்த கருத்தடை விதிகள்தான் நாடு முழுக்க. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியைக் கருத்தடைக்குப் பிடிக்கக் கூடாது, பிடித்த நாயை அதே இடத்தில் திரும்ப விட வேண்டும். காதில் வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்தது என்று பொருள். பிடிக்கும் வண்டி வரும்போது யாராவது கூட நின்று, எங்கே கொண்டுபோகிறார்கள் என்று குறித்துக்கொள்வது நல்லது.

2025-இல் சட்ட நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது. சோறு வைப்பதைக் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் செய்ய வேண்டும் என்று ஆகஸ்ட் 22 உத்தரவில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கே திரும்ப விடக் கூடாது என்று நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. ஆகவே பள்ளிக்கூட வாசலில் பிஸ்கட் போடுவதை நிறுத்துங்கள். அது அந்த நாய்க்கே ஆபத்து.

கருத்தடை செய்யாமல் சோறு மட்டும் போடுவது எனக்கு உடன்பாடில்லை. தயிர் சாதம் போட்ட புண்ணியம் உங்களுக்கு, அடுத்த ஈற்றுக் குட்டிகள் லாரிச் சக்கரத்துக்கு. தடுப்பூசியும் அப்படித்தான்: ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்காவது வருடாவருடம் ரேபிஸ் ஊசி போட்டால்தான் நோய் பரவுவது நிற்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தினமும் நாய்களோடு புழங்குபவர்கள் தாங்களும் முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள்.

இதில் பெரிய செலவு பணமில்லை, பக்கத்து வீடு. தெருவில் எந்த நாய் யாரைக் கடித்தாலும் "உங்க நாய்" என்று உங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஊசி போட்ட சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருப்பது அப்போது உதவும்.

பூனைக்கு இந்த வழி இன்னும் அவசரம். ஐந்து மாதப் பூனையே சினை பிடிக்கும். மொட்டைமாடியில் ஒரு பெண் பூனையைப் பார்த்தால் கருத்தடை மருத்துவரைத் தேடத் தொடங்குங்கள், பாலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

## குரல் கொடுப்பது

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்ததற்குப் பின்னால் மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா இருக்கிறது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவர்தான் முதல் தலைவர். அந்தச் சட்டப்படி, பட்டினியால் வதைபடும்படி விலங்கைக் கைவிடுவது குற்றம். முதல் முறை செய்தால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு காபிக்குக் கூடப் பத்தாத இந்தத் தொகையை உயர்த்தும் வரைவு 2022-இல் வெளியானது, இன்னும் சட்டமாகவில்லை. விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. புகார் எழுதும்போது அதைக் குறிப்பிடுங்கள்.

ஆனால் பெரிய சட்டத்தை விட வார்டு அளவில் நடப்பதுதான் பலன் தருகிறது. எங்கள் தெருவில் இத்தனை நாய்கள், இத்தனைக்குக் காதில் வெட்டு இல்லை, எப்போது வண்டி அனுப்புவீர்கள் என்று கவுன்சிலருக்கும் மண்டல அலுவலகத்துக்கும் எண்ணிக்கையோடு எழுதினால் பதில் வருகிறது. வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். நாய் வாங்கப் போகும் நண்பரிடம், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதே 2017 விதிகளின்படி தவறு என்று சொல்லி வையுங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லி வியாபாரியிடம் கேட்கச் சொல்லுங்கள். காட்ட மாட்டார்.

பணம் மட்டும்தான் கொடுக்க முடியும் என்றாலும் சரி. வருடத்துக்கு ஒருமுறை பெரிய தொகையை விட மாதாமாதம் வரும் சின்னத் தொகைதான் காப்பகத்துக்கு உதவும், அரிசியும் மருந்தும் மாதாமாதம் வாங்க வேண்டியிருக்கிறது. பழைய பெட்ஷீட்டும் செய்தித்தாளும் கூட எப்போதும் தேவை.

வீடு தேடும் பதிவு போடுகிறவர்களுக்கு: "ப்ளீஸ் ஹெல்ப்" என்று அழும் பொம்மை போடுவதை விட, பகல் வெளிச்சத்தில் நாய் கேமராவைப் பார்க்கும் ஒரு படம், எந்த ஊர், எந்தப் பகுதி, என்ன வயது, கருத்தடை ஆச்சா, குழந்தைகளோடு எப்படி, என்ன குறை என்று நேராக எழுதுங்கள். குறையை மறைத்துக் கொடுத்த நாய் திரும்பி வரும். வீடு கிடைத்ததும் பதிவை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் ஃபார்வர்டில் சுற்றிக்கொண்டே இருந்து, ஆறு மாதம் கழித்தும் யாராவது போன் செய்துகொண்டிருப்பார்கள்.